மினியேச்சர் கண்காட்சிக்கு முதல்முறை போகிறவர்களுக்கு: லண்டன் சல்யூட் வழிகாட்டி

ஒவ்வோர் ஆண்டும் ஏப்ரலில் ஒரு சனிக்கிழமை கிழக்கு லண்டனின் எக்ஸெல் அரங்கில் ‘சல்யூட்’ நடக்கிறது. மேசைப் போர் ஆட்டங்களுக்கும் அவற்றில் நகர்த்தப்படும் மினியேச்சர் உருவங்களுக்கும் பிரிட்டனில் நடக்கும் பெரிய ஒருநாள் கண்காட்சிகளில் இது ஒன்று. சவுத் லண்டன் வார்லார்ட்ஸ் என்ற ஆட்டக் கிளப் 1972இல் இதைத் தொடங்கியது; இன்றும் அதே கிளப்தான் நடத்துகிறது. 2020இல் கொரோனாவால் நின்றது, 2021இல் நவம்பருக்குத் தள்ளிப்போனது, பிறகு மறுபடி ஏப்ரலுக்கே வந்துவிட்டது.

இந்தப் பொழுதுபோக்கைப் பற்றிக் கேள்விப்படாதவர்களுக்கு இரண்டு வரி. கட்டைவிரல் உயரம்கூட இல்லாத வீரர்களை, குதிரைகளை, டாங்கிகளை ஒட்டிச் சேர்த்துப் பெயின்ட் அடிக்கிறார்கள். மலை, ஆறு, இடிந்த வீடு என்று கையால் செய்த நிலப்பரப்பை மேசையில் விரித்து, அளவுநாடாவும் பகடையும் ஒரு விதிநூலும் வைத்துக்கொண்டு எதிரெதிரே நின்று ஆடுகிறார்கள். சிலருக்குப் பெயின்ட் அடிப்பதே போதும், ஆட்டம் வேண்டாம். சிலருக்கு வரலாறு படிப்பதற்கு இது ஒரு சாக்கு. எல்லோரும் ஒரே கூரையின் கீழ் சேரும் நாள் இது.

முதல்முறை போகிறவர்களிடம் நான் வலியுறுத்துவது ஒன்றுதான்: நாளில் பாதியை ஆட்ட மேசைகளுக்கு ஒதுக்குங்கள், மீதியைக் கடைகளுக்குக் கொடுங்கள். நுழைந்ததும் கண்ணில் படுவது கடைகள். மதியத்துக்குள் பை நிறைந்துவிடும், கால் வலிக்கும், வீட்டுக்குக் கிளம்பிவிடுவீர்கள். பெட்டியை எந்த நாளும் இணையத்தில் வாங்கிக்கொள்ளலாம். பல மாதம் உழைத்து ஒரு போர்க்களத்தைச் செதுக்கிய மனிதர், அந்த மேசைக்குப் பின்னால் நின்று, உங்கள் கையில் பகடையைக் கொடுத்து “நீங்க உருட்டுங்க” என்று சொல்வது அன்றைக்கு மட்டும்தான் நடக்கும். கீழே உள்ள எல்லா யோசனையும் அந்த மேசைகளில் நேரத்தைச் சேமித்துக் கொடுக்கத்தான்.

போவதற்கு முன்: அளவைப் புரிந்துகொள்ளுங்கள்

அரங்கத்தில் கேட்கும் பேச்சில் பாதி மில்லிமீட்டர் கணக்கு. “ட்வென்டி-எய்ட்டா, ஃபிஃப்டீனா?” என்றுதான் கடைக்காரர் முதலில் கேட்பார். நிற்கும் மனித உருவத்தின் தோராயமான உயரம் அது. 28 மி.மீ. இன்று மிகப் பரவலான அளவு. முகத்தில் கண் வரையலாம், பொத்தான் தெரியும். பத்து இருபது பேர் மோதும் சிறு சண்டைக்கும் இது பொருந்தும், நூறு பேர் நிற்கும் பெரிய போருக்கும் பொருந்தும், பணமும் மேசை இடமும் இருந்தால். 20 மி.மீ. என்பது பழைய பிளாஸ்டிக் மாடல் கிட்களின் 1/72 அளவோடு ஏறக்குறைய ஒத்துப்போகும். 15 மி.மீ. சுமார் 1/100, படை படையாக நிற்க வைக்க விரும்புகிறவர்களின் அளவு இது. 6 மி.மீ. என்றால் ஒரு வீரன் அரிசிமணியைவிடக் கொஞ்சம் பெரியவன், ஆனால் ஒரு சாப்பாட்டு மேசைக்குள் ஒரு முழுப் போர்க்களமே அடங்கிவிடும்.

இவற்றைக் கலக்க முடியாது. 28இல் நாலு பேரும் 15இல் நாலு பேரும் வாங்கினால் இரண்டும் ஒரு மேசையில் நிற்காது. போதாததற்கு, 28 என்று அச்சிட்ட எல்லாமும் ஒரே 28 இல்லை. வார்ஹாமர் என்ற கற்பனை உலக ஆட்டத்தின் உருவங்கள் கை, தலை, ஆயுதம் பருத்தவை. வரலாற்று உருவங்கள் செய்யும் சில நிறுவனங்கள் உடற்கட்டை மெலிதாக, இயல்பாகச் செதுக்குகின்றன. இரண்டு நிறுவனத்தாரின் உருவங்களைச் சேர்க்க நினைத்தால் ஒன்றைச் சட்டைப்பையில் கொண்டுபோய் மற்றதன் பக்கத்தில் நிறுத்திப் பாருங்கள். கடைக்காரர்கள் இதைத் தப்பாக நினைப்பதே இல்லை.

அடுத்து, எந்தக் காலம், எந்த உலகம் என்று மேலோட்டமாக யோசியுங்கள். தமிழ் நண்பர்கள் பலர் வார்ஹாமரை வீடியோ கேம் வழியாக அறிந்து வருகிறார்கள். வார்ஹாமரை வெளியிடும் கேம்ஸ் வொர்க்‌ஷாப் 1975இல் தொடங்கிய நிறுவனம். அதன் தலைமையகம் நாட்டிங்காமில். வார்ஹாமர் 1983இல் வந்தது, விண்வெளிக் கதையான வார்ஹாமர் 40,000 வந்தது 1987இல். நல்ல வாசல்தான். ஆனால் சல்யூட்டில் அது ஒரு பகுதி மட்டுமே. ரோமானியர்கள், வைக்கிங்குகள், நெப்போலியன் காலம், இரண்டாம் உலகப்போர், கௌபாய்கள், ராட்சத ரோபோக்கள், மந்திரவாதிகள் என்று மேசைக்கு மேசை உலகம் மாறும். எது பிடிக்கும் என்று முன்கூட்டியே முடிவு செய்துவிடாதீர்கள். இரண்டு மூன்றைக் குறித்துக்கொண்டு போங்கள், மீதியை மேசைகள் சொல்லும்.

இங்கே ஒரு விஷயத்தைச் சொல்லாமல் போக மனமில்லை. பண்டைய, இடைக்காலப் போர்களுக்கு ‘டி.பி.ஏ.’ (டி பெல்லிஸ் ஆன்டிகுவிடாடிஸ்) என்று ஒரு விதிநூல் உண்டு, 1990இல் வந்தது. ஒரு பக்கத்துக்குப் பன்னிரண்டே துண்டுகள் (வீரர்களை ஒட்டிய சிறு தட்டுகள்), சின்ன மேசை, ஒரு மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். அதில் ஆடத்தக்க படைகளின் நீண்ட பட்டியலில் தமிழர், சிங்களர் படைகளுக்கும் இடம் உண்டு. யானைகளோடு நம்மவர் படையை ஆங்கிலேயர் ஒருவர் பெயின்ட் அடித்து மேசையில் நிறுத்தியிருப்பது நடக்கக்கூடிய காட்சி. பண்டைய கால உருவங்கள் விற்கும் கடைகளில் இந்திய வீரர்களையும் யானைகளையும் கேட்டுப் பாருங்கள், கிடைக்கும்.

கடைசியாகப் பணம். ஒரு தொகையை வீட்டிலேயே முடிவு செய்து எழுதிவைத்துவிடுங்கள். பெரும்பாலான கடைகளில் கார்டு ஓடும். ஆனாலும் கொஞ்சம் ரொக்கம் வைத்திருங்கள். கூட்டத்தில் சிக்னல் போய் கார்டு இயந்திரம் திணறுவது எந்தக் கண்காட்சியிலும் நடப்பதுதான்.

டிக்கெட், வழி, பை

டிக்கெட்டை முன்பதிவு செய்வதே நல்லது. வரிசை குறையும், உள்ளே போகும்போது தரும் பையில் அந்த ஆண்டுக்கென்றே வார்த்த ஒரு இலவச உருவமும் இருப்பது வழக்கம். எண்ணிக்கை அளவானது என்பதால் முந்தியவர்களுக்குத்தான் உறுதி. அந்தந்த ஆண்டின் விதிகள், நேரம், விலை மாறும், பதிவு செய்யும்போதே முழுதாகப் படித்துவிடுங்கள்.

எக்ஸெல்லுக்கு எலிசபெத் லைனில் கஸ்டம் ஹவுஸ் நிலையத்தில் இறங்கினால் மேற்கு நுழைவாயில் கண்ணெதிரே இருக்கும். டி.எல்.ஆர். என்ற இலகு ரயிலில் வந்தால் கஸ்டம் ஹவுஸ் அல்லது கிழக்குப் பக்கத்தின் பிரின்ஸ் ரீஜன்ட். அரங்கம் மிக நீளமானது. தவறான முனையில் இறங்கினால் நல்ல நடை. எந்தக் கூடம் என்று டிக்கெட்டில் பார்த்து அதற்கேற்ற நிலையத்தைத் தேர்ந்துகொள்ளுங்கள். சனி, ஞாயிறுகளில் பராமரிப்பு வேலை என்று லைன்களை நிறுத்துவது லண்டனில் வழக்கம் என்பதால் காலையில் ஒருமுறை சரிபார்த்துவிட்டுக் கிளம்புங்கள். பிள்ளைகளோடு வந்தால் கிரீனிச் பக்கத்திலிருந்து தேம்ஸ் மேல் கேபிள் காரில் வரலாம். அவர்களுக்கு அதுவே ஒரு திருவிழா. ஈஸ்ட் ஹாம், மேனர் பார்க் பக்கம் வசிக்கும் குடும்பங்களுக்கு இது சொந்த வட்டாரம், எக்ஸெல் இருப்பதும் அதே நியூஹாம் பரோவில்தான். மற்றவர்கள் திரும்பும் வழியில் ஈஸ்ட் ஹாம் ஹை ஸ்ட்ரீட் நார்த்தில் தோசை சாப்பிட்டுப் போகத் திட்டமிடலாம்.

தரை கான்கிரீட். நாள் முழுக்க நிற்கப் போகிறீர்கள், பழகிய, மெத்தென்ற காலணி போடுங்கள். தண்ணீர், மதியச் சாப்பாடு கையில் இருக்கட்டும். கண்காட்சி அரங்க உணவு எங்கேயும் விலை அதிகம், வரிசையும் நீளம். முதுகுப்பை சிறியதாக இருந்தால் நல்லது. பெரிய பையோடு இரண்டு மேசைகளுக்கு இடையே திரும்பினால் யாரோ மூன்று மாதம் செய்த கோபுரம் சாய்ந்துவிடும். கூட்டத்தில் பையை முன்பக்கம் மாட்டிக்கொள்ளுங்கள். ஒரு அளவுநாடா (அங்குலம் உள்ளது), சில பகடைகள், குறிப்பேடு, போனுக்கு சார்ஜர். குளித்து, டியோடரன்ட் போட்டு வாருங்கள். ஆயிரக்கணக்கானவர்கள் நெருக்கியடித்து நிற்கும் மூடிய கூடம் அது. நாள் முழுக்க உங்கள் தோளோடு தோள் உரசி நிற்பவருக்கு இது பெரிய மரியாதை.

முதல் ஒரு மணி நேரம்

கதவு பொதுவாகக் காலை 10 மணிக்குத் திறக்கும். திறந்த உடனே எல்லோரும் கடைகளை நோக்கி ஓடுவார்கள். நீங்கள் ஓடவேண்டியது எதிர்த்திசையில், ஆட்ட மேசைகளை நோக்கி. இதற்கு நடைமுறைக் காரணம் உண்டு: முதல் அரைமணி நேரத்தில் மேசைகளைச் சுற்றிக் கூட்டம் இராது, நடத்துகிறவர்கள் புத்துணர்வோடு இருப்பார்கள், பேச நேரம் இருக்கும். மதியம் 12இலிருந்து 2 வரை அதே மேசையில் மூன்று வரிசை ஆள் நிற்கும்.

முன்பே பதிவு செய்து “கண்காட்சியில் வாங்கிக்கொள்கிறேன்” என்று சொல்லிவைத்த பொருள் இருந்தால் அதை மட்டும் முதலில் எடுத்துவிடலாம். வேறெதையும் இப்போது வாங்காதீர்கள். நுழைவில் தரும் வரைபடத்தை எடுத்துக்கொண்டு கூடத்தை முழுதாக ஒரு சுற்று சுற்றுங்கள். பிடித்த மேசையின் எண்ணை வட்டமிடுங்கள். கண்ணைப் பறித்த கடைகளையும் குறியுங்கள். ஒரே பெட்டி மூன்று கடைகளில் மூன்று விலைக்கு இருப்பதை இந்தச் சுற்றில்தான் கவனிப்பீர்கள்.

மேசையில் உட்காரும் கலை

மேசைகளில் இரண்டு வகை. ஒன்று காட்சி ஆட்டம்: கிளப் உறுப்பினர்கள் தாங்களே ஆடிக் காட்டுவது, நீங்கள் பார்த்து ரசிப்பது. பன்னிரண்டு அடி நீள மேசையில் ஒரு முழு நகரம் இருக்கலாம். மற்றது பங்கேற்பு ஆட்டம்: வருகிறவர் யாரும் உட்கார்ந்து ஆடலாம். எது எந்த வகை என்று நிகழ்ச்சிக் கையேட்டில் போட்டிருப்பார்கள். போடாவிட்டால் கேட்டுவிடுங்கள்.

கேட்பதுதான் பலருக்குக் கஷ்டமாக இருக்கிறது. நம்மில் பலர் மேசைக்கு இரண்டடி தள்ளிக் கைகட்டி நின்று, சிரித்துவிட்டு, போட்டோ எடுத்துக்கொண்டு நகர்ந்துவிடுகிறோம். ஆங்கிலம் தடுக்கும் என்ற தயக்கம், விதி தெரியாதே என்ற கூச்சம், எல்லோரும் ஏற்கெனவே தெரிந்தவர்கள் போலப் பேசிக்கொள்கிறார்களே என்ற அந்நியம். மேசைக்குப் பின்னால் நிற்பவர் காலை ஆறு மணிக்கு வேனில் அட்டைப்பெட்டிகளை ஏற்றிக்கொண்டு வந்ததே யாராவது கேட்கமாட்டார்களா என்றுதான். “இங்கே என்ன நடக்கிறது?” என்று ஒரே ஒரு கேள்வி போடுங்கள். எந்த ஆண்டு, எந்த நாடு, யார் பாலத்தைப் பிடிக்க வருகிறார்கள், அந்த மரங்களை எதில் செய்தார் என்பது வரை கொட்டிவிடுவார். அந்தக் கேள்வி எந்த மேசையிலும் செல்லும்.

இரண்டாவது கேள்வி: “அடுத்த ஆட்டம் எத்தனை மணிக்கு, இடம் இருக்கிறதா?” சில மேசைகளில் பெயர் எழுதும் தாள் இருக்கும். எழுதிவிட்டு அந்த நேரத்துக்குச் சரியாக வந்துவிடுங்கள். நீங்கள் வராவிட்டால் எதிர்ப்பக்கம் உட்கார்ந்தவர் ஆள் இல்லாமல் காத்திருப்பார்.

உட்கார்ந்த பிறகு விதி தெரியவில்லை என்று வெளிப்படையாகச் சொல்லிவிடுங்கள். பங்கேற்பு ஆட்டங்கள் தெரியாதவர்களுக்காகவே செதுக்கப்பட்டவை. என்ன செய்ய ஆசை என்பதைச் சொன்னால் போதும்: “இந்த ஆறு பேரையும் அந்தச் சுவருக்குப் பின்னால் கொண்டுபோகணும்.” எத்தனை அங்குலம், எத்தனை பகடை என்பதை அவர் பார்த்துக்கொள்வார். ‘போல்ட் ஆக்‌ஷன்’ (2012இல் வந்த இரண்டாம் உலகப்போர் ஆட்டம்) மாதிரியானவை புதியவர்களுக்கு ஏன் இவ்வளவு ஒத்துவருகின்றன என்று உட்கார்ந்தால் புரியும். ஒவ்வொரு குழுவுக்கும் ஒரு பகடை என்று இரு பக்கப் பகடைகளையும் ஒரே பைக்குள் போட்டுக் குலுக்கி எடுக்கிறார்கள். எந்த நிறம் வருகிறதோ அந்தப் பக்கத்துக் குழு ஒன்று அப்போது நகரும். எதிராளி தன் படை முழுவதையும் நகர்த்தி முடிக்கும்வரை சும்மா உட்கார்ந்திருக்க வேண்டியதில்லை. ‘ஃப்ராஸ்ட்கிரேவ்’ (2015) இன்னும் சிறியது: ஒரு மந்திரவாதி, அவருடைய சீடர், எட்டு அடியாட்கள், பனி மூடிய ஒரு பாழ்நகரில் புதையல் வேட்டை. பத்து உருவங்களோடு முழு ஆட்டமும் முடிந்துவிடுகிறது. என் கணிப்பில் முதன்முதலில் ஆடிப் பார்க்க இந்த மாதிரிச் சிறு மோதல்தான் சரி. பெரிய படைகளுக்கு வாழ்நாள் முழுக்க நேரம் இருக்கிறது.

சில மரியாதைகள். எதையும் தொடுமுன் கேளுங்கள். அனுமதி கிடைத்தாலும் உருவத்தை அடித்தட்டைப் பிடித்துத் தூக்குங்கள். உடலைப் பிடித்தால் கை எண்ணெயில் பெயின்ட் தேயும், ஈட்டி வளையும். மேசை மேல் காபி, பை, போன் வைக்கக் கூடாது. பகடையை உயரத்திலிருந்து எறியாதீர்கள், அது நேராக யாருடைய குதிரைப்படைமேலோ போய் விழும். பகடைத் தட்டு இருந்தால் அதற்குள் உருட்டுங்கள். பகடை சாய்ந்து நின்றாலோ தரையில் விழுந்தாலோ மறுபடி உருட்டுவது வழக்கம், முதலிலேயே பேசிக்கொள்ளுங்கள். போட்டோ எடுக்கலாமா என்று கேளுங்கள், ஃபிளாஷ் வேண்டாம். எடுத்த படத்தைப் பகிர்ந்தால் கிளப்பின் பெயரையும் சேர்த்துப் போடுங்கள். அவர்கள் எதிர்பார்க்கும் கூலி அவ்வளவுதான்.

தோற்றுவிட்டால் எழுந்து கைகொடுத்துவிட்டு, எந்த இடத்தில் ஆட்டம் கைவிட்டுப் போனது என்று கேளுங்கள். அந்த ஐந்து நிமிடப் பேச்சில் கற்பது விதிநூலில் ஒரு வாரம் படித்தாலும் வராது.

பிள்ளைகளை அழைத்துப் போகிறவர்களுக்குத் தனியாக ஒரு சொல். எட்டு ஒன்பது வயதுப் பிள்ளைகளுக்கு நீண்ட விளக்கம் தாங்காது. பகடை கையில் இருக்க வேண்டும். டைனோசர், கார் பந்தயம், கடற்கொள்ளையர் மாதிரி மேசைகளைத் தேடுங்கள். ஆட்டத்தின்போது பெற்றோர் பின்னாலிருந்து “அதை நகர்த்து, இதை நகர்த்து” என்று சொல்லாமல் விட்டுவிடுவது நல்லது. பிள்ளை தவறான பக்கம் நகர்த்தினாலும் அது அவள் படை. இரண்டு ஆட்டத்துக்கு நடுவே வெளியே துறைமுகக் கரையில் சற்று நடந்துவிட்டு வாருங்கள், பழைய கிரேன்கள் இன்னும் அங்கே நிற்கின்றன.

கடைகள்

மேசையில் எது பிடித்தது என்று இப்போது தெரியும். வாங்கலாம்.

பெரிய நிறுவனங்களின் பெட்டிகள் எங்கும் கிடைக்கும். கண்காட்சியின் அருமை சிறு வார்ப்புக் கடைகளில்தான்: ஒருவர் அல்லது கணவன் மனைவி இருவர், தாங்களே செதுக்கி, தாங்களே வெள்ளீயக் கலவையில் வார்த்து, நான்கைந்தாகப் பைகளில் போட்டு விற்பவர்கள். இவர்களுக்குத் தெருவில் கடை கிடையாது. உருவத்தை நேரில் பார்த்து, கையில் உருட்டி, வார்ப்புக் கோடு எங்கே ஓடுகிறது, கத்தி எவ்வளவு மெல்லியது என்று பார்த்து வாங்க இதுதான் வாய்ப்பு. என் ஓட்டு எப்போதும் இவர்களுக்கே.

பொருளைப் பொறுத்துப் பசை மாறும். கடினப் பிளாஸ்டிக் என்றால் பிளாஸ்டிக் சிமென்ட், அது இரு பக்கத்தையும் கரைத்து ஒன்றாக்கிவிடும். உலோகத்துக்கும் ரெசினுக்கும் (அச்சில் ஊற்றி இறுகவைக்கும் பிசின்) அது வேலை செய்யாது, சூப்பர் க்ளூதான். ரெசினை அரத்தால் தேய்க்கும்போது தூசியை மூச்சில் இழுக்கக் கூடாது: நனைத்துத் தேயுங்கள், முகக்கவசம் போடுங்கள். பழைய உருவங்களில் ஈயம் அதிகம், தொட்டபின் கை கழுவுங்கள். வாயில் வைக்கும் வயதுக் குழந்தை வீட்டில் இருந்தால் அவற்றை வாங்கவே வேண்டாம்.

முதல் கூடைக்கு என் பரிந்துரை: ஐந்திலிருந்து பத்து உருவங்கள், ஒரு ப்ரைமர் (பெயின்ட் பிடிக்க முதலில் அடிக்கும் பூச்சு), ஆறு அக்ரிலிக் பெயின்ட் (கறுப்பு, வெள்ளை, தோல் நிறம், பழுப்பு, உலோக நிறம், உங்கள் படைக்கு ஒரு நிறம்), மடிப்புகளில் இறங்கி நிழல் தரும் ஒரு வாஷ், நல்ல முனையுள்ள ஒரு பிரஷ். ரொம்பச் சின்னப் பிரஷ் வாங்காதீர்கள். அதில் பெயின்ட் முனைக்கு வருமுன் காய்ந்துவிடும். 1ஆம் எண்ணுள்ள, முனை கூர்ந்த பிரஷ் கண் வரைவதற்கும் போதும். முப்பது நாற்பது உருவம் கொண்ட பெட்டி ஒரு தலைக்கு மலிவாகத் தெரியும். பெயின்ட் அடிக்காத நாற்பது பேர் அலமாரியிலிருந்து உங்களையே பார்த்துக்கொண்டிருப்பது ஆர்வத்தைக் கொன்றுவிடும், அதனால் முதல் ஆண்டு வேண்டாம்.

பல கண்காட்சிகளில் ‘பிரிங் அண்ட் பை’ என்று பழைய பொருள் மேசை ஒன்று இருக்கும். உறுப்பினர்கள் விலைச்சீட்டு ஒட்டிக் கொடுத்துவிட்டுப் போவார்கள், நடத்தும் கிளப் ஒரு சிறு பங்கு எடுத்துக்கொண்டு விற்றுத் தரும். காலையில் இங்கே நெரிசல் தாங்காது. மதியத்துக்கு மேல் போங்கள். நல்லவை சில போயிருக்கும், ஆனால் நிதானமாகப் பார்க்கலாம். பெட்டியைத் திறந்து உருவங்களை எண்ணுங்கள், கை, ஆயுதம் உடைந்திருக்கிறதா என்று பாருங்கள். பெயின்ட் தடிப்பாக அடித்திருந்தால் தயங்க வேண்டாம், ஊறவைத்து உரித்துவிடலாம்.

வாங்கிய உருவங்களை, முக்கியமாகப் பெயின்ட் அடித்தவற்றை, சாதாரணப் பையில் போட்டால் வீடு போய்ச் சேரும்போது கையும் காலும் தனித்தனி. மூடியுள்ள பிளாஸ்டிக் டப்பா ஒன்றும் பஞ்சுத்தாளும் வீட்டிலிருந்தே கொண்டுபோங்கள். பழகியவர்கள் அடித்தட்டுக்குக் கீழே சிறு காந்தம் ஒட்டி, டப்பாவின் அடியில் இரும்புத் தகடு போட்டு நிறுத்திவிடுகிறார்கள். மலிவு, குலுங்கினாலும் விழாது.

பெயின்ட் போட்டி

கண்ணாடிப் பெட்டிகளில் விளக்கு போட்டு வைத்திருக்கும் போட்டி உருவங்களைப் பார்க்க அரைமணி நேரம் ஒதுக்குங்கள். கேம்ஸ் வொர்க்‌ஷாப் 1987இல் தொடங்கிய கோல்டன் டீமன் போட்டிதான் இந்தத் துறையில் பலரின் கனவு, அதன் உச்சப் பரிசு ஒரு நிஜ வாள். சல்யூட்டின் போட்டியும் சிறியதல்ல. உருவங்களைப் பார்க்கும்போது வெளிச்சம் எந்தத் திசையிலிருந்து விழுவதாக ஓவியர் கற்பனை செய்திருக்கிறார் என்று தேடுங்கள். தங்கக் கவசத்தை உலோகப் பெயின்ட் இல்லாமல் வெறும் பழுப்பு, மஞ்சள், வெள்ளையால் மின்ன வைத்திருப்பார்கள். அதைப் புரிந்துகொண்டு பார்ப்பது தனி இன்பம்.

நீங்களும் ஒன்றை வைக்கலாம். பெரும்பாலும் காலையிலேயே ஒப்படைக்க வேண்டும், மாலையில் குறித்த நேரத்தில் திரும்ப எடுக்க வேண்டும். பரிசு வருமா என்று பார்க்காதீர்கள். மற்றவர்களின் வேலைக்குப் பக்கத்தில் உங்கள் வேலை எப்படி நிற்கிறது என்பது வீட்டு மேசை விளக்கின் கீழே ஒருபோதும் தெரியாது.

நாமே ஒரு மேசை போடலாமா?

இரண்டு மூன்று முறை போனதும் இந்த ஆசை வரும், வரவேண்டும். நண்பர்கள் நாலு பேர் சேர்ந்தால் உள்ளூர்ச் சிறு கண்காட்சியிலோ நூலகத்திலோ தொடங்கலாம். மேசை கூட்டம் சேர்ப்பதற்கும் காற்று வாங்குவதற்கும் காரணங்கள் வெளிப்படையானவை.

முதலாவது, ஆட்டம் நாற்பத்தைந்து நிமிடத்தில் முடிய வேண்டும். கண்காட்சிக்கு வந்தவருக்கு அதற்குமேல் தரமுடியாது. இதற்கு ஒரு தந்திரம்: இரு படைகளையும் மேசையின் இரு முனையில் வைக்காமல் நெருக்கி வைத்துத் தொடங்குங்கள், முதல் சுற்றிலேயே மோதல் நடக்கட்டும். விதி முழுவதும் ஒரு ஏ4 தாளின் ஒரே பக்கத்தில் அடங்க வேண்டும். அடங்காவிட்டால் விதியை வெட்டுங்கள், எழுத்தைச் சிறிதாக்காதீர்கள். ஒவ்வொரு ஆட்டக்காரருக்கும் ஒரு தெளிவான குறிக்கோள் கொடுங்கள்: “இந்த வண்டியைப் பாலத்தைத் தாண்டக் கொண்டுபோ.” யாருடைய படை எது என்று தூரத்திலிருந்தே தெரிய அடித்தட்டு ஓரத்தை நிறம் பிரித்து அடியுங்கள்.

இரண்டாவது, இரண்டு பேர் எப்போதும் நிற்க வேண்டும். ஒருவர் ஆட்டத்தை நடத்துவார். மற்றவர் மேசைக்கு முன்பக்கம், மக்களோடு நின்று, நின்று பார்ப்பவரிடம் பேசுவார். நான் பார்த்தவரை, நல்ல மேசைகள் பல இந்த ஒரு குறையால்தான் வெறிச்சோடுகின்றன: மூன்று உறுப்பினர்களும் முதுகைக் காட்டி உட்கார்ந்து தங்களுக்குள் பேசிக்கொண்டிருப்பார்கள், எவ்வளவு அழகான நிலப்பரப்பு இருந்தாலும் யாரும் நெருங்கமாட்டார்கள். மதியம் ஆள் மாற்றிக்கொள்ளுங்கள், நடத்துகிறவர்களும் கண்காட்சியைப் பார்க்க வேண்டும் அல்லவா.

மூன்றாவது, ஒரு பலகை. எந்தப் போர், எந்த ஆண்டு, எந்த அளவு, எந்த விதிநூல், உருவங்கள் எந்த நிறுவனத்தினுடையவை. இதையெல்லாம் நாள் முழுக்கக் கேட்பார்கள். எழுதி வைத்துவிட்டால் அதைவிட நல்ல கேள்விகள் வரும். நிலப்பரப்புக்குச் செலவு அதிகம் ஆகாது: நீல, இளஞ்சிவப்பு நிறங்களில் வரும் காப்பு நுரைப்பலகையில் மலை வெட்டலாம், பொம்மைக் கரடி செய்யும் முடித்துணியை விரித்து, முடியை அங்கங்கே கத்தரித்துப் பெயின்ட் பூசினால் அருமையான புல்வெளி.

அடுத்த வாரம், அடுத்த கண்காட்சி

வாங்கியதை ஒரு வாரத்துக்குள் ஒன்றாவது ஒட்டிப் பெயின்ட் அடித்துவிடுங்கள். இலவசமாகக் கிடைத்த உருவமே பழகுவதற்கு ஏற்றது, கெட்டாலும் நட்டமில்லை. மேசையில் யாரோடு நன்றாகப் பேசினீர்களோ அவருடைய கிளப் எந்த நாள் கூடுகிறது என்று கேட்டு வைத்திருந்தால் அங்கே போய்ப் பாருங்கள். பிரிட்டனில் இந்த கிளப்புகள் பெரும்பாலும் வாரநாள் மாலைகளில் சமூகக் கூடங்களில் கூடுகின்றன. முதல்முறை சும்மா பார்க்க வருகிறேன் என்றால் வரவேற்பார்கள். படை இல்லாவிட்டால் யாராவது கடன் தருவார்கள்.

சல்யூட்டின் கூட்டம் மூச்சுமுட்டியது என்றால் சிறிய கண்காட்சிகள் உங்களுக்கு இன்னும் பிடிக்கும். நியூவார்க் ஷோகிரவுண்டில் நடக்கும் பார்ட்டிசன், மேசைகளின் அழகுக்குப் பெயர்பெற்றது, வரலாற்று ஆட்டங்களே அதிகம். லண்டன் கிங்ஸ் கிராஸிலிருந்து நியூவார்க் நார்த்கேட்டுக்கு நேரடி ரயில் உண்டு, அங்கிருந்து டாக்ஸி பிடிக்கலாம். செப்டம்பரில் நியூபரி குதிரைப்பந்தய மைதானத்தில் கலர்ஸ் நடக்கிறது. அங்கே ரேஸ்கோர்ஸ் என்றே ஒரு ரயில் நிலையம் இருக்கிறது, ஆனால் எல்லா ரயிலும் நிற்பதில்லை, நேரம் பார்த்துக் கிளம்புங்கள்.